எட்டா, பன்னிரண்டா, இருபத்து நாலா? ஆம்புலன்ஸ் ஷிப்டும் தூக்கமும்

ஆம்புலன்ஸுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் பணிப்பட்டியல் போட உட்காருகிறவர் முன்னால் மூன்று யோசனைகள் வந்து நிற்கும். நாளை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 8 மணி நேரம். இரண்டாகப் பிரித்து 12 மணி நேரம். பிரிக்கவே வேண்டாம், 24 மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு அடுத்த இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டும் என்பது மூன்றாவது. நிர்வாகம் சம்பளக் கணக்கை வைத்து ஒன்றைச் சொல்லும். தொழிற்சங்கம் சட்டத்தை வைத்து இன்னொன்றைச் சொல்லும். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வரும் செவிலியர் கடைசி பஸ் நேரத்தை வைத்து வேறொன்றைச் சொல்வார். மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தப் பட்டியலில் இவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று கேட்கும் ஆள் அந்த அறையில் பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டியல் போடும் மேசையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில், அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 24 வேண்டாம். 8-க்கும் 12-க்கும் இடையே நடக்கும் சண்டை பெரும்பாலும் இடம் மாறி நடக்கிறது. வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம், தொடர்ந்து எத்தனை இரவு, இரவில் சற்றுக் கண்ணை மூட அனுமதி உண்டா? தூக்கத்தைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். ஷிப்டின் நீளம் இவற்றுக்குப் பிறகே வருகிறது.

விடியற்காலை 4 மணி

எந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தாலும் விடியற்காலை 4 மணி வரத்தான் செய்யும். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. இருட்டியதும் உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் ஹார்மோன் சுரக்க வழிவிடுவதும், விடியற்காலையில் உடல் வெப்பத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோவதும் அதன் வேலை. இத்தகைய கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரவுப் பணிக்கு வந்துவிட்டோம் என்பது இந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. 4 மணிக்கு உடல் குளிர்கிறது, விழிப்பு குறைகிறது. அது பழக்கத்தால் போகிற சோம்பல் இல்லை.

இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காலை 7 மணிக்கு எழுந்து, பகலில் வீட்டு வேலை பார்த்து, இரவு 8 மணிக்குப் பணிக்கு வந்தவர் விடியற்காலை 4 மணிக்கு 21 மணி நேரம் விழித்திருக்கிறார். முதல் இரவுப் பணிக்கு வருகிறவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை. ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை–கண் ஒத்திசைவு இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர்களுடையது அளவுக்கு மங்கியிருந்தது. 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்குச் சமமானது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் பைலட்டை, அதாவது ஓட்டுநரை, நிறுத்தி ஊதச் சொன்னாலும் கருவியில் சுழியம்தான் காட்டும்.

அந்த 4 மணிக்குச் செய்ய வேண்டிய வேலையையும் பாருங்கள். பாயில் படுத்திருந்த நாலு வயதுக் குழந்தையை ஏதோ கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுக்கிறது. எடை உத்தேசமாக 15 கிலோ. அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். ஆம்பியூலில், அதாவது மருந்துக் குப்பியில், மில்லிக்கு 1 மில்லிகிராம் இருக்கிறது. ஆகத் தொடைத் தசையில் போட வேண்டியது 0.15 மில்லி. பகலில் இதைப் பயிற்சி முடித்த எவரும் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில், ஓடும் வண்டியில், அழும் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 1 மில்லி சிரிஞ்சுக்குப் பதில் 2 மில்லி சிரிஞ்சை உறை கிழித்து 1.5 கோட்டில் நிறுத்திவிடுவது நடக்கக்கூடியதுதான். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்கு.

24 மணி நேரம்: எளிதில் தள்ளிவிடக்கூடியது

இதற்கு எதிரான சான்றுகள் குவிந்துகிடக்கின்றன. 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் இறந்ததும், நீண்ட நேரமாகப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்களைப் பற்றி அவருடைய தந்தை எழுப்பிய கேள்விகளும் 1989-இல் அந்த மாநிலத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தன: வாரம் 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன் குழுவினர் 2004-இல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி மருத்துவர்களைக் கவனித்தபோது, நீண்ட ஷிப்ட் கொண்ட பழைய பட்டியலில் கடுமையான மருத்துவப் பிழைகள் 36 சதவீதம் அதிகமாக நடந்தன. மறு ஆண்டு லாரா பார்ஜர் வெளியிட்ட ஆய்வு, நீண்ட ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்றது. ஆம்புலன்ஸ் பணியாளர்களையே எடுத்துக்கொண்ட 2015-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 8 முதல் 12 மணி நேர ஷிப்டோடு ஒப்பிட்டால் 16 மணிக்கு மேல் 24 வரை நீளும் ஷிப்டில் பணியாளர் காயமடைவது 60 சதவீதம் கூடியிருந்தது. டேனியல் பேட்டர்சன் தலைமையில் 2018-இல் வெளியான ஆம்புலன்ஸ் பணியாளர் களைப்பு பற்றிய வழிகாட்டுதலும் 24 மணிக்குக் குறைவாகவே ஷிப்ட் இருக்கட்டும் என்கிறது.

நம் ஊரில் மத்திய அரசின் 1992-ஆம் ஆண்டு உத்தரவு, உறைவிட மருத்துவர்களின் தொடர்பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 36 மணி நேரப் பணி இன்றும் பேச்சுவழக்கில் சாதாரணச் செய்தி. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. அதையே சலுகை என்று கொண்டாடும் நிலையில்தான் நம் பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் 24 மணி நேர ஷிப்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. காரணம் புரிகிறது: போக்குவரத்துச் செலவு மூன்றில் ஒரு பங்காகும், அடுத்த இரண்டு நாளில் இன்னொரு மருத்துவமனையில் வேலை பார்க்கலாம். அந்த இரண்டாவது காரணம்தான் இந்த ஏற்பாட்டின் அடியையே அறுத்துவிடுகிறது. 48 மணி நேர ஓய்வை நம்பிப் போட்ட பட்டியலில் அந்த ஓய்வு எங்கோ ஒரு நர்சிங் ஹோமில் செலவாகிறது.

ஓர் இடத்தில் மட்டும் நான் 24-ஐ ஒத்துக்கொள்வேன். இரவில் அழைப்பே அபூர்வமாக வரும் மலைக்கிராம நிலையம். ஷிப்ட் மாற்ற ஆள் ஏறி வரவே பாதி நாள் போகும். கட்டில், மின்விசிறி, கழிப்பறை உள்ள அறை இருக்கிறது. அங்கே 24 மணி நேரப் பணி என்பது பெரும்பாலும் 24 மணி நேர இருப்பு. அதற்கும் எழுத்தில் ஒரு நிபந்தனை வேண்டும்: நள்ளிரவுக்குப் பின் இரண்டு அழைப்புக்குப் போய் வந்த குழுவைக் காலையில் மாற்றிவிட வேண்டும்.

8-ஆ 12-ஆ: முதலில் 168-ஐ வகுத்துப் பாருங்கள்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. 12 மணி நேர ஷிப்டை 8 ஆக்குங்கள் என்பது அதன் தொழிலாளர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. பஸ், லாரி ஓட்டுநர்களுக்கு 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்று எழுதி வைத்திருந்தது. மறுபுறம், தனியார் மருத்துவமனைகளில் பல செவிலியர்கள் 12-ஐயே விரும்பி எடுக்கிறார்கள். ஒரே வேலை, இரண்டு எதிரெதிர் விருப்பம். எப்படி?

அவர்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு பொருள்களை. ஒரு பணியிடத்தை வாரம் முழுதும் காலியில்லாமல் வைக்க 168 மணி நேரம் வேண்டும். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், அந்த ஓரிடத்துக்கு மூன்றரை ஆள். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி வகுப்பு, வீட்டு விசேஷம் எல்லாம் சேர்த்தால் நாலு ஆள். ஆம்புலன்ஸில் பைலட் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். ஆக வண்டி ஒன்றுக்கு எட்டுப் பேர். இந்தக் கணக்கு இரண்டு ஷிப்டுக்கும் ஒன்றேதான். 8 மணி நேரம் ஆறு நாள் என்றாலும் 48, 12 மணி நேரம் நாலு நாள் என்றாலும் 48.

நடைமுறையில் பல இடங்களில் 12 மணி நேரத்தை ஆறு நாளுக்குப் போடுகிறார்கள். வாரம் 72 மணி நேரம். ஓரிடத்துக்கு இரண்டேகால் ஆளுக்குச் சற்று மேலே இருந்தால் போதும்: பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், இருவரின் வார ஓய்வுக்கும் வந்து போக ஒரு மாற்று ஆள். செலவு மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இந்த 72-ஐத்தான் சங்கம் எதிர்க்கிறது. செவிலியர் விரும்புவது 12-ஐ நாலு நாளுக்குப் பார்த்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருப்பதை. இரண்டு பேரும் சரி. மணிக்கணக்கைச் சமமாக்காமல் ஷிப்ட் நீளத்தைப் பற்றி மட்டும் பேசினால் நிர்வாகத்துக்கு வசதி, வேறு யாருக்கும் இல்லை.

48-ஐயும் 48-ஐயும் வைத்து ஒப்பிட்டால் படம் மாறுகிறது.

8 மணி நேர ஷிப்டின் பெரிய பலம் அதன் கடைசி மணி நேரம். சைமன் ஃபோகார்டு, ஃபிலிப் டக்கர் இருவரும் 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 12-ஆவது மணி நேரத்தில் விபத்து அபாயம் முதல் 8 மணி நேரத்தில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. தவிர, ஆம்புலன்ஸ் வேலை மணியடித்ததும் முடிவதில்லை. ஷிப்ட் முடிய 20 நிமிடம் இருக்கையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு பிரசவ நோயாளியை மாற்றச் சொல்லி அழைப்பு வந்தால், போய், படுக்கை கிடைக்கும் வரை நின்று, ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சரைக் கழுவி, ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்துத் திரும்பும்போது ஷிப்ட் முடிந்து 2 மணி நேரம் ஆகியிருக்கும். 8 மணி நேர ஷிப்டில் அது 10 மணி நேர வேலையாகும். அதைத் தாங்கலாம். 12-இல் அது 14.

பலவீனம் எங்கே என்றால், ஷிப்ட் மாறும் நேரத்தில். காலை 6, மதியம் 2, இரவு 10. காலை 6 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டியவர் 4.30-க்கு எழுகிறார். அதற்காக முந்தின இரவு 8.30-க்குத் தூங்கிவிடுகிறவர் யாருமில்லை, உடலும் அந்த நேரத்தில் எளிதில் தூங்காது. ஆக, காலை ஷிப்டும் தூக்கத்தைத் தின்னும் ஷிப்டுதான். இரவு 10 மணி மாற்றம் சிறு ஊர்களில் பெண் பணியாளர்களுக்குத் தனிச் சிக்கல். நகரப் பேருந்து நின்றிருக்கும், யாராவது வந்து அழைத்துப்போக வேண்டும், வீடு போய்ச் சேரும்போது 11. இதைவிட மோசமானது, மாற்று ஆள் வராத நாளில் இரவு 10-க்கு இறங்கியவரை மறுநாள் காலை 6-க்கே ஏறச் சொல்வது. நடுவே 8 மணி நேரம் இருக்கிறது. பயணம், குளியல், சாப்பாடு போக மிஞ்சும் தூக்கம் 5 மணி நேரம்கூட இல்லை. ஐரோப்பிய வேலைநேர விதி இரண்டு பணிகளுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியிருப்பது இதற்காகத்தான். 12 மணி நேர ஷிப்டில் இந்த அநியாயத்தைச் செய்யவே முடியாது. இரண்டு ஷிப்டுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம் தானாகவே வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஆறுக்குப் பதில் நாலு முறை பயணம். மூன்று நாள் முழு ஓய்வில் தூக்கக் கடனைக் கொஞ்சமாவது அடைக்கலாம்.

ஆக, வாரம் 48 மணி நேரம் என்பது எழுத்தில் உறுதியானால், சிறு ஊரில், தொலைவிலிருந்து வரும் பணியாளர்களைக் கொண்ட ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு நான் 12-ஐத்தான் எடுப்பேன். வீடுகள் அருகில் இருந்து, நோயாளிக் கூட்டம் ஓயாத நகர அவசர சிகிச்சைப் பிரிவு என்றால் 8. அங்கே 12 மணி நேரமும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கும், கடைசி நாலு மணி நேரத்தில் கணக்கும் கவனமும் தளரும். வாரம் 72 தான் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால், 12-க்கு ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நேரத்தைக் குறைத்துவிட்டு ஆளைக் கூட்டாவிட்டால் கதை தலைகீழாகும். அதே லாண்ட்ரிகன் குழு 2020-இல் அமெரிக்காவின் ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24 மணி நேரப் பணியை நீக்கிப் பார்த்தது. பிழைகள் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கூடின. புதிய பட்டியலில் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்திருந்தது. அந்தச் சுமையைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்தது. 8 மணி நேரம் வாங்கிக்கொடுத்துவிட்டோம் என்று மாலை போட்டுக்கொள்வதற்கு முன், புதிதாக எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேட்பது நல்லது.

எத்தனை இரவு தொடர்ந்து?

பட்டியலில் என் கண் முதலில் போவது இந்த இடத்துக்குத்தான். நம் மருத்துவமனைகளில் ஒரு வாரம், சில இடங்களில் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் இரவுப் பணி போடுவது வழக்கம். உடம்பு பழகிவிடும் என்பார்கள். பழகாது. நிரந்தரமாக இரவுப் பணியே பார்க்கிறவர்களின் மெலடோனின் அளவை வைத்து ஃபோகார்டு 2008-இல் தொகுத்துப் பார்த்தபோது, கடிகாரம் முழுமையாகத் திரும்பியிருந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு கணிசமாகத் திரும்பியிருந்தவர்கள்கூட நாலில் ஒருவருக்கும் குறைவு. காலை 8 மணி வெயில் ஒருமுறை கண்ணில் பட்டாலே கடிகாரம் பழைய இடத்துக்கு இழுக்கப்படுகிறது, நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

பழகாமல் இருப்பதோடு, கடனும் ஏறுகிறது. முன்பு சொன்ன 2003-ஆம் ஆண்டுத் தொகுப்பில் முதல் இரவோடு ஒப்பிட்டால் அபாயம் இரண்டாம் இரவில் 6 சதவீதம், மூன்றாம் இரவில் 17, நாலாம் இரவில் 36 என்று கூடிக்கொண்டே போகிறது. காரணம் பகல் தூக்கம். பகலில் உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருப்பதால், அமைதியான அறையிலேயே இரவுத் தூக்கத்தைவிட ஓரிரு மணி நேரம் குறைவாகத்தான் தூங்க முடியும். நம் பணியாளர் தூங்கும் அறையோ மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிறது. சித்திரையில் 11 மணிக்கே கூரை கொதிக்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தண்ணீர் லாரி, ஒலிபெருக்கி, நடுவில் மின்வெட்டு. பெண்களுக்கு இதோடு சமையல், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள். நாலாம் இரவுக்கு வருகிறவர் மூன்று பகலின் கடனோடு வருகிறார்.

எனவே இரண்டு இரவு. தவிர்க்க முடியாவிட்டால் மூன்று. அதற்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். நிரந்தர இரவுப் பணியைத் தாமாகக் கேட்கிறவர்களையும் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை 2007-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. 2019-இல் மறுஆய்வு செய்தும் அங்கேயே வைத்திருக்கிறது.

சுழற்சியின் திசையும் முக்கியம். மனித உடற்கடிகாரத்தின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னால் இழுப்பது கடினம். 8 மணி நேர ஷிப்டில் காலை, பிறகு மதியம், பிறகு இரவு என்று போனால் உடல் ஒத்துழைக்கும். இரவு, மதியம், காலை என்று பின்னோக்கி ஓட்டினால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தூக்கம் பறிபோகும்.

இன்னொன்று. இரவு முடிந்து காலை 8 மணிக்கு வெளியே வருகிறவருக்கு அந்த நாளையே வார ஓய்வு என்று குறித்து, மறுநாள் காலை 8-க்கு வரச் சொல்லும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். அது ஓய்வு நாள் என்றால் பாதிப் பகல் படுக்கையில் போகிறதே, அதற்கு என்ன பெயர்? இரவு முடிந்து வரும் நாள் உறங்குவதற்கான நாள். ஓய்வு அதற்கு மறுநாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பணி நேரத்தில் தூங்கலாமா?

தூங்கத்தான் வேண்டும். இந்த இடத்தில் நிர்வாகத்தோடு நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். பணி நேரத்தில் தூங்கினார் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்கும் இடங்கள் உண்டு. அங்கேயும் எல்லோரும் தூங்குகிறார்கள். ஸ்ட்ரெச்சரில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், ஓட்டுநர் இருக்கையில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு. திருட்டுத் தூக்கம் என்பதால் அலாரம் வைப்பதில்லை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, நேரமும் அளவும் இருப்பதில்லை. 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பணி நேரத்தில் குட்டித் தூக்கத்துக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று வெளிப்படையாகவே பரிந்துரைக்கிறது. நீண்ட விமானப் பயணத்தில் விமானிகளை வைத்து நாசா நடத்திய சோதனையில், சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்களின் செயல்திறனும் விழிப்பும் தூங்காதவர்களைவிடத் தெளிவாக மேலாக இருந்தன.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் கால் மணி, சிலபோது அரை மணி நேரம் மந்தமாக இருப்பார். அப்படி எழுந்து ஓடி வண்டியை எடுக்கும் பைலட், தூங்காத பைலட்டைவிட அந்தச் சில நிமிடங்களுக்கு ஆபத்தானவர். தீர்வு தூக்கத்தைத் தடை செய்வதில் இல்லை, நேரத்தைத் திட்டமிடுவதில் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் பிடிப்பதற்கு முன்பே எழும்படி 20 முதல் 30 நிமிடம், அலாரத்தோடு. பைலட் தூங்கும் முறையை நள்ளிரவுக்கும் 2 மணிக்கும் நடுவே வைக்கலாம். 4 மணிச் சரிவுக்கு முன்பே அவருக்குக் கொஞ்சம் கடன் அடைந்திருக்கும். மருத்துவ உதவியாளர் அதற்குப் பிறகு. ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருந்து தொலைபேசியைக் கவனித்தால், அழைப்பு வந்ததும் முகவரி கேட்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் தூங்கியவர் முகம் கழுவி வெளிச்சத்தில் நின்றுவிடுவார். மருந்தளவை உரக்கச் சொல்லி மற்றவரிடம் சரிபார்க்கும் வழக்கத்தை இரவு 2 முதல் 6 வரை கட்டாயமாக்குவது இதன் கூடவே போக வேண்டும். மேலே சொன்ன 0.15 மில்லி 1.5 ஆகிவிடாமல் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டாவது காதுதான்.

செலவு என்று பார்த்தால் இது மிக மலிவானது. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு பக்கச் சுற்றறிக்கை.

தேநீரும் வீடு திரும்பலும்

காஃபின் வேலை செய்கிறது, சந்தேகமில்லை. அடினோசின் உட்காரும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஆனால் உடலில் பாதி கரையவே 5 மணி நேரம் போல ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு குடித்த வலுவான காஃபின்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததை 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. காலை 9 மணிக்குப் படுக்கப் போகிறவர் மருத்துவமனை வாசல் கடையில் 5 மணிக்கு ஸ்ட்ராங் டீ சொல்வது பகல் தூக்கத்தை அடகு வைப்பதற்குச் சமம். இரவு 10-லிருந்து 2-க்குள் சிறு அளவுகளாகக் குடித்து முடித்துவிடலாம். குட்டித் தூக்கத்துக்குச் சற்று முன் அரை டம்ளர் காப்பி குடித்தால் எழும் நேரத்தில் அது வேலையைத் தொடங்கும் என்பது பலருக்குப் பலன் தருகிறது.

இரவு முடிந்து இருசக்கர வாகனத்தில் 30 கிலோமீட்டர் போகிறவர்கள் புறப்படும் முன் 20 நிமிடம் நிலையத்திலேயே படுத்துவிட்டுப் போகட்டும். அந்த அறையை 8 மணிக்குப் பூட்டாமல் இருந்தால் போதும். வீடு போகும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதும், படுக்கை அறைச் சன்னலுக்குத் தடித்த துணி கட்டுவதும் உதவும். இவையெல்லாம் பணியாளர் செய்யக்கூடியவை என்பதால் பயிற்சி வகுப்புகளில் இவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். கோளாறு பட்டியலில் இருக்கும்போது தூக்க சுகாதாரம் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆள் தர முடியாது என்றால்

பெரும்பாலான இடங்களில் கிடைக்கப்போகும் பதில் இதுவாகத்தான் இருக்கும். அப்போது எதை முதலில் கேட்பது? என் வரிசை இது. முதலில் தொடர் இரவுகளை இரண்டாகக் குறைப்பது. இதற்கு ஆளே கூடுதலாக வேண்டாம், அதே ஆட்களை வேறு வரிசையில் எழுதினால் போதும். அடுத்து, இரவு முடிந்து வரும் நாளை ஓய்வு நாளாகக் குறிக்கும் வழக்கத்தை நிறுத்துவது. மூன்றாவது, குட்டித் தூக்கத்துக்கு எழுத்தில் அனுமதி. நாலாவதாக, மாலை 6-லிருந்து இரவு 10 வரை விபத்துகள் குவியும் நேரத்துக்கு மட்டும் ஒரு துணை ஆள். இதை 8-க்கும் 12-க்கும் நடுவே ஒரு 10 மணி நேர ஷிப்டாகவும் போடலாம். அமெரிக்கப் போலீசாரிடையே 8, 10, 12 மணி நேர ஷிப்டுகளை ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வில் 10 மணி நேரக்காரர்கள்தான் 8 மணி நேரக்காரர்களைவிட அதிகம் தூங்கினார்கள். 10-ஆல் 24-ஐ மீதமின்றி வகுக்க முடியாததால் பட்டியல் போடுகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. ஷிப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்த மீதி நேரம்தான் மாலை நெரிசலுக்குத் தேவைப்படுவது.

கடைசியாக வாரம் 72-ஐ 60 ஆக்கக் கேட்பது. 12 மணி நேர ஷிப்ட் வாரம் ஐந்து. ஓரிடத்துக்கு 2.8 ஆள் வேண்டும், அதாவது இப்போது இருப்பதைவிட அரை ஆள் கூடுதல். இரண்டு வண்டி உள்ள நிலையத்தில் நாலு பணியிடங்கள், ஆக இரண்டு பேர்: ஒரு பைலட், ஒரு மருத்துவ உதவியாளர். இந்த எண்ணிக்கையோடு போனால் பேச்சுவார்த்தை நடக்கும். 8 மணி நேரம் வேண்டும் என்று மட்டும் போனால், ஆளைக் கூட்டாமல் 8 மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, வராதவர்களுக்கு ஈடாக இரட்டை ஷிப்ட் போடுவார்கள். இரட்டை ஷிப்ட் 16 மணி நேரம்.